வானத்துக்குப் பொருந்தும் உடல்

மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்று கிழக்கே நோக்கினால், கப்பல்கள் போகும் நீர்வழிக்கு அப்பால் வில்லிங்டன் தீவு தெரியும். 1920ஆம் ஆண்டில் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலப் பொறியாளர், துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொண்டு எழுப்பிய நிலம் அது. அங்கேதான் நமது கடற்படையின் 'கருடா' என்னும் விமானதளம் இருக்கிறது. 1953ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் தேதி அது முறைப்படி தொடங்கப் பெற்றது. நெடும்பாசேரியில் புதிய விமான நிலையம் 1999இல் ஏற்படும்வரை, பொதுமக்கள் ஏறிச்சென்ற விமானங்களும் இத்தளத்திலிருந்தே கிளம்பின. ஆகவே, மிளகும் சுக்கும் மணக்கும் மட்டாஞ்சேரிக் கடைத்தெருக்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு விமானம் ஒரு புதுமையன்று. அதை ஓட்டவேண்டும் என்ற ஆசை அவர்களிற் சிலருக்கு உண்டாவதும் இயல்பே. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் குடியேறியுள்ள நம்மவர் இல்லங்களிலும் இந்த ஆசையைக் காண்கிறோம்.

ஆசையுள்ள இளைஞர் எழுத்துத் தேர்வுக்கு இரவு பகலாகப் படிக்கிறார். நேர்முகத் தேர்வில் எப்படிப் பேசவேண்டும் என்று கற்றுக்கொள்கிறார். இவற்றையெல்லாம் கடந்தபின் வருகிற வைத்தியப் பரிசோதனையைப் பற்றி மட்டும், அதன் வாசலிற் போய் நிற்கும்வரை ஒருவரும் அவருக்கு விளக்கமாகச் சொல்வதில்லை. "பையன் கல்லுப்போல் இருக்கிறான், அவனுக்கென்ன?" என்று தந்தையார் கூறிவிடுகிறார். அவ்வாறு கூறிய தந்தையார், மகன் திருப்பியனுப்பப்பட்டான் என்று கேட்டதும் முதலில் திகைக்கிறார். பிறகு யாரோ சதி செய்துவிட்டார்கள் என்று ஐயுறுகிறார். இவ்விரண்டுக்கும் காரணம், அப்பரிசோதனை எதைத் தேடுகிறது என்பதை அறியாமையே.

அரசாங்கக் காகிதங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது நமது தொழில். அத்தொழிலில் நம்மை மிகவும் சங்கடப்படுத்தும் சொற்களுள் ஒன்று 'அன்ஃபிட்' என்பது. வழக்கமாக அதைத் 'தகுதியற்றவர்' என்று எழுதிவிடுகிறோம். பதினெட்டு வயதுப் பிள்ளையின் கையில் அரசாங்க முத்திரையோடு கொடுக்கப்படும் காகிதத்தில் இச்சொல் எவ்வளவு கடுமையாக ஒலிக்கிறது! ஆனால் மூலச்சொல்லின் பொருள் அத்தனை கடுமையானதன்று. தையற்காரர் தைத்துக் கொடுத்த சட்டை உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும்போது நாம் சொல்கிற அதே 'ஃபிட்' தான் இதுவும். சட்டை பொருந்தாவிட்டால் உடம்பும் பழுதல்ல, துணியும் பழுதல்ல. 'பொருத்தமின்மை' என்று எழுதினால் உண்மைக்கு இன்னும் அருகில் வரும். விமானிகளுக்கான வைத்தியப் பரிசோதனை நோயைத் தேடுவதைக் காட்டிலும் பொருத்தத்தையே தேடுகிறது. ஒரு குறிப்பிட்ட இயந்திரத்துக்கும், அது செல்லும் இடத்துக்கும் இந்த உடம்பு பொருந்துமா என்பதே அங்கே எழும் கேள்வி.

அந்த இடம் எத்தகையது என்று முதலிற் பார்ப்போம். கடல்மட்டத்தில் நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம், 18,000 அடி உயரத்துக்குப் போனால் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. மூச்சு விடும்போது நுரையீரலுக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் அதற்கேற்பக் குறைகிறது. 30,000 அடியில் பிராணவாயு முகமூடி கழன்றுவிட்டால், விமானிக்குத் தெளிந்த புத்தியோடு செயலாற்ற ஒன்றிரண்டு நிமிஷங்களே உண்டு. இதில் வேடிக்கையும் ஆபத்தும் கலந்த ஒரு செய்தி இருக்கிறது. பிராணவாயு குறையும்போது மனிதனுக்கு வேதனை தோன்றுவதில்லை. பெரும்பாலும் ஒருவித உற்சாகமே தோன்றுகிறது. கூட்டல் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, சரியாகப் போட்டதாக எண்ணிச் சிரிப்பான். 1957இல் பெங்களூரில் நிறுவப்பட்டு, இன்று விண்வெளி மருத்துவ நிலையமாக வளர்ந்திருக்கும் விமானப்படையின் ஸ்தாபனத்தில், காற்றை வெளியேற்றி உயரத்தின் நிலைமையை உண்டாக்கும் அறைகள் உள்ளன. விமானிகளை அவற்றில் அமர்த்தி, தத்தம் உடம்பு எந்த அடையாளத்தைக் காட்டி மயங்கத் தொடங்குகிறது என்பதை அவர்களே கண்டறியச் செய்கிறார்கள். இரத்தசோகை உள்ளவர், நுரையீரலிலோ இருதயத்திலோ குறையுள்ளவர், ஆஸ்துமாவால் துன்புற்றவர் ஆகியோரை ஏன் விலக்குகிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. தரையில் அவர்கள் நெடுங்காலம் நலமாக வாழலாம். அங்கே மட்டும் அவர்களுக்குக் கையிருப்புப் போதாது.

அடுத்தது பாரம். போர்விமானம் வேகமாகத் திரும்பும்போது, சுழலும் ராட்டினத்தில் அமர்ந்தவரைப் போல விமானி இருக்கையோடு அழுத்தப்படுகிறார். ஐந்து மடங்கு விசை என்றால், 60 கிலோ எடையுள்ளவர் 300 கிலோ எடையுள்ளவரைப் போல ஆகிவிடுகிறார். இரத்தமும் அவ்வாறே கனத்துக் கால்களை நோக்கி இறங்குகிறது. மூளைக்கும் கண்ணுக்கும் இரத்தம் எட்டாமல், முதலிற் பார்வை சாம்பல் நிறமாகும், பிறகு இருளும், அதன்பின் நினைவே தப்பும். காலையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கும் உடையும், மூச்சையும் தசைகளையும் இறுக்கிக்கொள்ளும் பயிற்சியும் இதற்கு மாற்று. ஆனால் அந்த உடைக்குள் இருக்கும் இருதயம் உறுதியாக இருந்தாலன்றி உடையால் என்ன பயன்? இருதயத்தின் மின்துடிப்பைப் படமெடுப்பதும், இரத்த அழுத்தத்தை அளப்பதும் இதற்காகவே.

உயரத்தையும் கால்களையும் அளப்பதைக் கண்டு பலர் நகைக்கிறார்கள். "விமானம் ஓட்டவா, படத்தில் நடிக்கவா?" என்று ஒருவர் நம்மிடம் கேட்டார். விமானிக்குக் குறைந்தபட்ச உயரம் 162.5 சென்டிமீட்டர். உட்கார்ந்த நிலையில் உயரம் 81.5இலிருந்து 96 சென்டிமீட்டருக்குள்ளும், காலின் நீளம் 99இலிருந்து 120 சென்டிமீட்டருக்குள்ளும் இருக்கவேண்டும். தொடையின் நீளம் 64 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது. உட்கார்ந்த உயரம் குறைந்தால் முன்கண்ணாடி வழியே ஓடுபாதை தெரியாது. மிகுந்தால் தலை மேற்கூரையில் இடிக்கும். கால் குட்டையானால் சுக்கானை இயக்கும் மிதிகளை முழுவதும் அழுத்த இயலாது. தொடையின் நீளம் ஏன் என்பதை அறியும்போது சிரிப்பு நின்றுவிடும். ஆபத்துக் காலத்தில் போர்விமானி தன் இருக்கையோடு மேல்நோக்கி வெளியே எறியப்படுகிறார். தொடை நீண்டிருந்தால் அந்தக் கணத்தில் முழங்கால் முன்னேயுள்ள கருவிப் பலகையில் மோதிச் சிதைந்துவிடும்.

அவ்வாறு எறியப்படும்போது முதுகெலும்பு தாங்கும் விசை, உடம்பின் எடையைப் போல் 15 முதல் 20 மடங்கு வரை இருக்கக்கூடும். அது ஒரு விநாடியின் சிறு பகுதியில் முடிந்துவிடுகிறது. நேரான முதுகெலும்பே சில சமயங்களில் அதனால் நசுங்கி முறிகிறது. பக்கவாட்டில் வளைந்ததோ, கண்டம் விலகியதோ, பிறவியிலேயே சரியாக மூடாததோ என்றால் சொல்லவேண்டியதில்லை. கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகெலும்பு முழுவதையும் எக்ஸ்ரே எடுப்பதன் காரணம் இதுவே. இத்தகைய குறையுள்ளவர்களிற் பலர் ஓடுவார்கள், நீந்துவார்கள், கபடியும் ஆடுவார்கள். தங்களுக்குக் குறையிருப்பதே படம் எடுத்த அன்றுதான் தெரியவரும். "நன்றாக ஓடுகிறானே!" என்ற பெற்றோரின் வியப்பில் நியாயம் இருக்கிறது. ஓட்டம் கேட்பதை வேறு, அந்த இருக்கை கேட்பதை வேறு என்று வைத்தியர் பொறுமையாக எடுத்துக் கூறினால் அவர்களும் ஏற்றுக்கொள்வார்கள்.

இனிக் கண்ணுக்கு வருவோம். திருப்பியனுப்பப்படுகிறவர்களின் துயரம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் விமானம் ஒரு விநாடியில் 250 மீட்டரைக் கடக்கிறது. எதிரெதிராக இரண்டு விமானங்கள் அவ்வேகத்தில் வந்தால், மூன்று கிலோமீட்டர் இடைவெளி ஆறே விநாடிகளில் தீர்ந்துபோகும். அந்த ஆறு விநாடிகளுக்குள் புள்ளியைக் காணவேண்டும். அது விமானம் என்று அறியவேண்டும். எப்பக்கம் திரும்புவது என்று தீர்மானித்துத் திருப்பவும் வேண்டும். ஒரு கண்ணில் 6/6, மற்றதில் கண்ணாடியால் 6/6 ஆகத் திருத்தக்கூடிய 6/9 என்ற பார்வை விதி இதிலிருந்து பிறந்தது. ஆறு மீட்டர் தூரத்திற் படிக்கவேண்டிய எழுத்தை ஆறு மீட்டர் தூரத்திலேயே படிப்பது 6/6; ஒன்பது மீட்டரிற் படிக்கக்கூடிய எழுத்தை ஆறு மீட்டருக்கு வந்துதான் படிக்க முடியும் என்பது 6/9. இரு கண்களும் சேர்ந்து தூரத்தை மட்டிடுகின்றனவா என்பதையும் தனியே பார்க்கிறார்கள். கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி 2022 செப்டம்பர் 2ஆம் தேதி கடற்படையிற் சேர்ந்த 'விக்ராந்த்' கப்பலின் நீளம் 262 மீட்டர். அதன் மேல்தளத்தில் ஒரு பகுதியே விமானம் இறங்குவதற்கு உரியது. அசைந்தாடும் அந்தத் தளத்தில் இறங்குகிறவரின் கண்கள் தூரத்தை மட்டிடுவதில் சற்றும் தவறலாகாது.

நிறப்பார்வை இதைவிட நுட்பமான விஷயம். கப்பலுக்கு இடப்புறம் சிவப்பு விளக்கும் வலப்புறம் பச்சை விளக்கும் இருப்பதைத் துறைமுகத்தை அடுத்து வாழும் மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. விமானத்துக்கும் அதே ஏற்பாடுதான். இருளில் சிவப்பும் பச்சையும் தெரிகிற முறையைக்கொண்டே எதிரே வருவது நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று அறியவேண்டும். வானொலித் தொடர்பு அறுந்துபோனால், விமானதளக் கோபுரத்திலிருந்து விளக்கால் சைகை காட்டுவார்கள்: நின்றெரியும் பச்சை 'இறங்கலாம்' என்று பொருள்படும், நின்றெரியும் சிவப்பு 'மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு' என்று பொருள்படும், விட்டுவிட்டு எரியும் சிவப்பு 'தளம் ஆபத்தானது, இறங்காதே' என்று எச்சரிக்கும். ஓடுபாதையின் ஓரத்திலுள்ள நான்கு விளக்குகளில் இரண்டு வெண்மையாகவும் இரண்டு சிவப்பாகவும் தோன்றினால் இறங்கும் கோணம் சரி. நான்கும் சிவப்பானால் மிகத் தாழ்ந்துவிட்டோம் என்பது பொருள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண்ணுக்கு இம்மொழி முழுவதும் ஊமையாகிவிடும்.

இவ்விஷயத்தில் விமானத்துக்கு முன்னோடி ரயில். 1875 நவம்பரில் ஸ்வீடன் நாட்டில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதிக்கொண்டன. சைகை விளக்கின் நிறத்தைத் தவறாகக் கண்டதுதான் காரணமோ என்று ஐயுற்ற ஹோல்ம்கிரென் என்ற பேராசிரியர், நிறங்கள் பலவான கம்பளி நூற்கண்டுகளைக் கொடுத்து ரயில் ஊழியர்களைப் பரிசோதிக்கலானார். அந்த மோதலுக்கு நிறக்குருடுதான் காரணமா என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. ஆயினும் ஊழியர்களின் நிறப்பார்வையைச் சோதிக்கும் வழக்கம் அதன்பின் நாடு நாடாகப் பரவியது. ரயில்வேயில் உத்தியோகம் பார்த்த தமிழ்க் குடும்பங்கள் இதைப் பல தலைமுறைகளாக அறியும். புள்ளிகளுக்கிடையே எண் மறைந்திருக்கும் அட்டைகளை ஜப்பானியக் கண்வைத்தியர் ஷினோபு இஷிஹாரா 1917இல் வெளியிட்டார். அவரும் படைக்கு ஆளெடுக்கும் தேவைக்காகவே இம்முயற்சியில் இறங்கியவர். நமது படைகளில் அந்த அட்டைகளோடு, சிறு துளைகளின் வழியே நிற ஒளியைக் காட்டும் மார்ட்டின் விளக்கையும் பயன்படுத்துகிறார்கள். விமானிக்கு வேண்டியது நிறப்பார்வையில் முதல் வகுப்பு. இதிற் சலுகையில்லை.

மட்டாஞ்சேரியில் நாமறிந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை பத்தாம் வகுப்பிலிருந்தே விமானியாவது என்று தீர்மானித்துவிட்டார். வெளியூரில் ஒரு பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தபோது, நிறப்பார்வையில் அவருக்கு ஏதோ தடுமாற்றம் இருப்பது அங்கேயே தெரிந்துவிட்டது. அவர்கள் அவரைக் கண்வைத்தியரிடம் அனுப்பவில்லை. அட்டைகளின் வரிசையையும் அவற்றிலுள்ள எண்களையும் மனப்பாடம் செய்வித்தார்கள்! பிள்ளையும் திருவாசகத்தைப் போல் அதை ஒப்பித்துப் பழகினார். தேர்வுகளிற் சிறப்பாகத் தேறி வைத்தியப் பரிசோதனைக்குப் போனார். வைத்தியர் அட்டைகளை வரிசை மாற்றிக் காட்டினார். பிறகு விளக்கைக் காட்டினார். அவ்வளவுதான். நான்கு ஆண்டு உழைப்பு பத்து நிமிஷத்தில் முடிந்தது. வீட்டுக்கு வந்தபின் அவருடைய தாயார் நினைவுகூர்ந்ததாவது: தம் தகப்பனார், கொடியிற் பழுத்துச் சிவந்த மிளகைப் பச்சை இலைகளுக்கிடையே கண்டுபிடிக்கமாட்டாமல் பிறரைக் கேட்பாராம், வீட்டில் அதைப் பரிகாசமாக எண்ணினார்களாம்.

அந்தப் பரிகாசத்தில் ஒரு சாஸ்திர உண்மை இருந்தது. பிறவி நிறக்குருடு பெரும்பாலும் தாய்வழியாக வருவது. தாயின் தகப்பனாருக்கு அக்குறை இருந்தால், தாய் தாம் குறையின்றியே அதைச் சுமக்கிறார். அவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்கு இது உண்டு. பெண்களுக்கு மிக அரிது. மருந்தோ அறுவையோ இதற்கு இல்லை. கண்ணாடி விற்பவர் எதைச் சொன்னாலும் நம்பவேண்டாம். பத்து வயதுப் பிள்ளையைக் கண்வைத்தியரிடம் அழைத்துச்சென்று அட்டைகளைக் காட்டச் சொன்னால் சில நிமிஷங்களில் தெரிந்துவிடும். விமானியாக விரும்பும் பிள்ளைக்குப் பெற்றோர் செய்யக்கூடிய உபகாரங்களுள் இதைவிடப் பெரியது இல்லை என்பது நமது அபிப்பிராயம். மனப்பாடத்தால் வைத்தியரை ஏமாற்றிவிட்டாலும், இரவில் இறங்கும்போது ஓடுபாதை விளக்கை ஏமாற்ற முடியாதல்லவா?

காதும் மூக்கும் பல்லும் காற்றழுத்தத்துக்குக் கட்டுப்பட்டவை. உயரே போகப்போக உடம்பின் குழிகளில் அடைபட்ட காற்று விரிகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. மலைப்பாதையிற் பேருந்தில் இறங்கும்போது காது அடைத்துக்கொள்வதை நாமெல்லாரும் அறிவோம். போர்விமானம் அவ்வளவு உயரத்தைச் சில நிமிஷங்களில் இறங்கிவிடும். மூக்கின் நடுத்தண்டு மிகவும் வளைந்திருந்தாலோ, சளி நீங்காதிருந்தாலோ, செவிப்பறையில் துளையிருந்தாலோ, தாங்கவொண்ணா வலியும் தலைச்சுற்றலும் நேரும். குளத்திலும் காயலிலும் குதித்து நீந்திய சிறுவர்க்குக் காதில் சீழ் வடிவது நம் பக்கத்திற் சர்வசாதாரணம். "தானே ஆறிவிடும்" என்று விட்டுவிடுகிறோம். அது விட்டுச்சென்ற துளையைப் பத்து ஆண்டுகளுக்குப் பின் வைத்தியர் காண்கிறார். 610 சென்டிமீட்டர் தொலைவில், அதாவது சுமார் இருபது அடியில், இரகசியக் குரலிற் பேசுவது ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியே கேட்கவேண்டும் என்பது விதி.

பல்லை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. சொத்தைப் பல்லை அடைத்த இடத்தில் சிறு காற்றுக்குமிழ் தங்கியிருந்தாலும், உயரத்தில் அது விரிந்து நரம்பை நெருக்கும். முழு வரிசைக்கு 22 என்று பற்களுக்கு மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். குறைந்தது 14 வேண்டும். ககனயான் விண்கலத்துக்காக விமானப்படையின் தேர்ந்த விமானிகளைப் பெங்களூரில் 2019இற் பரிசோதித்தபோது, பல்லின் குறையே பலரைப் பின்தள்ளியது என்று பின்னர்ச் செய்தி வந்தது. தேறி நின்ற நால்வரின் பெயர்கள் 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் வெளியிடப்பட்டன. அவர்களுள் பிரசாந்த் நாயர் பாலக்காட்டைச் சேர்ந்தவர். அஜித் கிருஷ்ணன் சென்னையிற் பிறந்தவர்.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். உயரத்துக்கும் வயதுக்கும் ஏற்ற எடை வேண்டும். வயிற்றை ஒலியலைப் படம் எடுத்துச் சிறுநீரகக் கல் உண்டா என்று பார்ப்பார்கள். ஆகாயத்தில் அந்த வலி வந்தால் என்னாகும் என்பதைக் கல்வலி கண்டவர்களே அறிவர். பச்சை குத்திக்கொள்வது முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் தவிர வேறிடத்தில் பொதுவாக ஏற்கப்படுவதில்லை.

இயந்திரங்களால் காணமுடியாத சிலவற்றைக் கேள்வி கேட்டுத்தான் அறியவேண்டியிருக்கிறது. ஐந்து வயதுக்குப் பிறகு வலிப்பு வந்ததுண்டா? காரணமின்றி மயங்கி விழுந்ததுண்டா? ஒற்றைத் தலைவலி, மூச்சிரைப்பு, மனநோய் ஏதேனும் உண்டா? இக்கேள்விகள் ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ அச்சிடப்பட்ட படிவத்தில் இருக்கும். 'இல்லை' என்று வரிசையாக எழுதிவிட்டுக் கையொப்பமிடும்படி அண்டைவீட்டார் யோசனை கூறுவர். தன்னந்தனியே ஆகாயத்தில் இருக்கும்போது மறுமுறை அந்த வலிப்பு வந்தால் போவது ஓர் உயிர் மட்டுமல்ல. கீழே ஊர் இருக்கிறது. நம் பிள்ளைகளின் குழந்தைப் பருவ நோய்களைத் தாய்மாரே அறிவர். ஆகையால் பரிசோதனைக்குப் போகுமுன், தாயும் மகனும் உட்கார்ந்து அவற்றைக் காலவரிசையில் தமிழிலேனும் எழுதி வைத்துக்கொள்வது நலம்.

மகன் என்று மட்டும் சொன்னோம், மகளும் உண்டு. பீகார் மாநிலம் முசாபர்பூரைச் சேர்ந்த ஷிவாங்கி என்ற பெண் அதிகாரி, 2019 டிசம்பர் 2ஆம் தேதி இதே கொச்சியில் கடற்படையின் முதல் பெண் விமானியாக டோர்னியர் விமானத்தை ஓட்டும் தகுதியைப் பெற்றார். விமானப்படையிலோ 2016 ஜூன் மாதத்திலேயே மூன்று பெண்கள் போர்விமானிகளாக நியமனம் பெற்றுவிட்டனர். கண்ணும் காதும் முதுகெலும்பும் ஆண், பெண் என்று பார்ப்பதில்லை.

பரிசோதனையின் முடிவு இருவகைப்படும். 'தற்காலிகமாகப் பொருந்தாதவர்' என்றால், காதழுக்கு, மிகுந்த எடை, குடலிறக்கம், தொண்டைச் சதை போன்ற, நீக்கக்கூடிய குறை உண்டு என்று பொருள். நீக்கிக்கொண்டு மீண்டும் வரலாம். 'நிரந்தரமாகப் பொருந்தாதவர்' என்றாலும் அன்றே அழுதுகொண்டு ரயிலேறவேண்டியதில்லை. காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளவேண்டும். 42 நாட்களுக்குள் மேல்முறையீட்டு வைத்தியக் குழுவின் முன் நிற்கும் உரிமை உண்டு. இடைக்காலத்தில் பெரிய மருத்துவமனையொன்றில் உரிய நிபுணரிடம் காட்டி, வாதத்துக்கு இடமுண்டா என்று அறிந்துகொள்வது விவேகம். அதற்குமேல் மறுபரிசீலனைக் குழு ஒன்று உண்டு. ஆனால் அது உரிமையன்று, தகுந்த காரணமிருந்தால் மட்டும் அளிக்கப்படுவது. இங்கே கூறிய அளவுகளும் விதிகளும் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. விண்ணப்பிக்கும் ஆண்டில் வெளிவரும் அறிவிப்பே பிரமாணம். கண்ணில் லேசர் சிகிச்சை செய்துகொள்ள எண்ணுகிறவர்கள், செய்துகொள்ளுமுன் அவ்வறிவிப்பைப் படிக்கட்டும். எந்தப் பிரிவுக்கு அது ஏற்கப்படும், எந்த வயதுக்குப் பின் செய்திருக்கவேண்டும் என்பன அதில் இருக்கும்.

வைத்தியப் பரிசோதனையையும் தேர்வையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளலாகாது. இராமேசுவரத்து அப்துல் கலாம் விமானியாக விரும்பி 1950களின் இறுதியில் தேராதூனுக்குப் போனார்; இருபத்தைந்து பேரில் ஒன்பதாவதாக வந்தார்; இடமிருந்தது எட்டுப் பேருக்கே. அது தேர்வில் நேர்ந்த இழப்பு, உடம்பால் நேர்ந்ததன்று. இன்று விமானமோட்டும் திறனைக் கணினியில் அளக்கும் தேர்வு ஒன்றும் உண்டு. அதை வாழ்நாளில் ஒருமுறையே எழுதலாம். அதிலே தவறியவர் மறுபடி விமானிப் பிரிவுக்கு விண்ணப்பிக்க இயலாது.

சேர்ந்தபின்னும் பரிசோதனை முடிந்துபோவதில்லை. ஆண்டுதோறும் உண்டு, பெருநோய்க்குப் பின்னும், விபத்துக்குப் பின்னும் தனியே உண்டு. விமானப்படையில் ஒவ்வொருவருக்கும் ஆகாயத்துக்கு ஓர் எண்ணும் தரைக்கு ஓர் எண்ணுமாக வகுப்பு இடுகிறார்கள். 'ஏ1 ஜி1' என்றால் இரண்டுக்கும் முழுப் பொருத்தம். ஆகாயத்துக்கான எண் இறங்கித் தரைக்கான எண் முதலாவதாகவே நிற்பதும் உண்டு. அத்தகையவர் தொழில்நுட்பப் பிரிவிலும், விமானப் போக்குவரத்தை நெறிப்படுத்தும் பணியிலும், வானிலை, கணக்கு, கல்வி ஆகிய பிரிவுகளிலும் அந்தந்தப் பிரிவுக்குரிய அளவுப்படி அமர்த்தப்படுகிறார்கள். அப்பிரிவுகளுக்கு நேரே விண்ணப்பிக்கவும் இடமுண்டு. அவற்றின் கண்விதி விமானிக்குரியதைவிடத் தளர்வானது. விமானப்படையின் அதிகாரிப் பதவிக்குத் தேறியவர்களை, தில்லியிலுள்ள விமானப்படை மத்திய வைத்திய நிலையத்திலும், முன்னே கூறிய பெங்களூர் நிலையத்திலும் பரிசோதிக்கிறார்கள். கொச்சியிலிருந்து போகிறவர்க்குப் பெங்களூரே அருகில். பரிசோதனை பல நாட்கள் நீடிக்கலாமாதலால், திரும்பும் பயணச்சீட்டை முன்கூட்டியே வாங்கிவைக்காமல் போவது நல்லது.